குஞ்சரம் விழுகிற நேரம்

கருவேலம்பாளையத்தில் அந்தக் காலத்தில் கடிகாரமே கிடையாது என்று சொன்னால் அது பொய், பஞ்சாலை முதலாளி வீட்டில் ஒன்றும் போஸ்ட் ஆபீசில் ஒன்றும் இருக்கத்தான் இருந்தன, ஆனால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு நேரம் சொல்லும், அதனால் ஊர் நம்பியது குஞ்சரத்தைத்தான். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மேற்கு வீதியில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். "குஞ்சரம் விழுந்தாச்சு, உலையை வைங்கடி" என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள், சோறு வேகும், பிள்ளைகள் தூங்கும், ஊர் அடங்கும். அவள் ஏன் விழுகிறாள் என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டால், "எங்கியோ படம் ஓடுதுங்க" என்பார்கள், எங்கியோ மழை பெய்யுதுங்க என்பதுபோல.

விஷயம் இதுதான். பேசும் படம் வந்த புதிதில், நாடகக் கம்பெனியில் தோழி வேஷமும் பூதகி வேஷமும் கட்டிக்கொண்டிருந்த குஞ்சரத்தை, அவள் பருமனைப் பார்த்து ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்துப் படங்களில் கதை ஒரு பக்கம் போகும், சிரிப்பு ஒரு பக்கம் போகும். ராஜாவும் ராணியும் அழுது முடித்த பிறகு சிரிப்புக்காரர்களைத் தனியாக அழைத்து, நீங்களே ஏதாவது பண்ணுங்கள் என்று சொல்லி, எடுத்ததைப் படத்துக்கு நடுவே ஒட்டுப்போடுகிற வழக்கம். குஞ்சரம் பண்ணியது இவ்வளவுதான்: ஜமீன் வீட்டு வேலைக்காரியாகப் பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவாள், எண்ணெயில் கால் வைப்பாள், தடாலென்று விழுவாள், அப்புறம் பின்புறத்தை முதலில் தூக்கி ஒட்டகம் மாதிரி எழுந்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, சேலையின் பின்பக்கத்தை மூன்று தட்டுத் தட்டி, குனிந்து தரையைப் பார்த்துக் கேட்பாள், "ஏண்டி பூமாதேவி, வலிச்சுதாடி?"

அவள் விழுந்த அழகைப் பார்த்துக் காமிராக்காரர் சிரித்தார், சத்தம் பிடிக்கிறவர் சிரித்தார், அந்தச் சிரிப்பெல்லாம் சத்தத்தோடு சேர்ந்து பதிவாகிப்போனதால் மறுபடி விழு, மறுபடி விழு என்று பொழுது சாயும்வரை விழவைத்தார்கள், கடைசித் தடவை எல்லோரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த விழுதல் படத்தில் ஏறிய அன்றே அவள் உடம்பிலும் ஏறிக்கொண்டது. எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் அந்த இடம் வந்தாலும், அவள் எங்கே இருந்தாலும் விழுவாள், எழுவாள், தட்டுவாள், கேட்பாள். அடுத்த படத்தில் அவளுக்குச் சோக வேஷம் கொடுத்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய். பிணத்தைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய இடத்தில், பாருங்கள், மதுரையில் மாட்டினி ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான், போச்சு. மூன்றாவது படத்தில் பாதியில் நிறுத்தினார்கள், நாலாவதுக்குக் கூப்பிட ஆளில்லை. கட்டியவர் ஹார்மோனியக்காரர், அவரும் வேறொரு கம்பெனியோடு ரயிலேறிவிட்டார். குஞ்சரம் இடுப்பில் பெண்குழந்தையோடு கருவேலம்பாளையத்துக்கு வந்து, பஞ்சாலையில் பஞ்சு பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். வந்த அன்று சாயந்தரமே ஆலை வாசலில் விழுந்தாள்.

ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. ஆலையில் கழிவுப் பஞ்சை மெத்தையாகத் தைத்து அவள் வீட்டு நடையில் போட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு அவள் கையில் யாரும் குடம் கொடுக்கவில்லை, குழந்தையைக் கொடுக்கவில்லை. தீபாவளி பொங்கலுக்கு நாலு ஆட்டம் என்பதால் பக்கத்து வீட்டு நாச்சாயி முதல் நாளே வேப்பெண்ணெய் காய்ச்சி வைப்பாள். ஒரு நாள் இரண்டு தடவை விழுந்தால் படம் நன்றாக ஓடுகிறது என்று ஊர் சந்தோஷப்பட்டது, பத்து நாள் விழாவிட்டால் "படப்பொட்டி எந்த ரயில்ல தூங்குதோ" என்று கவலைப்பட்டது. படக்கம்பெனிக்காரர்கள்கூட ஒரு ஆளை அனுப்பி எதிர்வீட்டில் உட்காரவைத்தார்கள், கொட்டகைக்காரன் எவனாவது கணக்கில் காட்டாமல் திருட்டு ஆட்டம் ஓட்டுகிறானா என்று குஞ்சரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. செட்டியார் வீட்டு இழவில் அவள் விழுந்து பூமாதேவியை விசாரித்தபோது, மூன்று நாளாய்ச் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்த செட்டியாரம்மா குபீரென்று சிரித்து, சிரித்த வேகத்தில் ஒரு வாய்க் கஞ்சி குடித்தாள். அதிலிருந்து இழவு விழுந்த வீடுகளில், "சாயந்தரமா வந்துட்டுப் போ குஞ்சரம்" என்று காதோடு சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்கள்.

குஞ்சரமும் ஒரு நாள் முகம் சுளித்தவளில்லை. முழங்கை சிராய்ப்பில் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டே, "எங்கியோ நாலு பேரு சிரிக்கறாங்க கண்ணு, இருக்கட்டும்" என்பாள்.

கண்ணு என்று அவள் கூப்பிட்டது மகள் லோகாம்பாளை. ஊர் முழுக்க ஜீரணித்துவிட்ட சங்கதி லோகுவுக்கு மட்டும் தொண்டையிலேயே நின்றது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்குப் பின்னால் நடப்பாள், விழுந்தால் பிடித்துவிடலாம் என்று. கொஞ்சம் விவரம் தெரிந்ததும் பக்கத்தில் நடந்தாள். பாவாடை தாவணி போட்ட பிறகு பத்தடி முன்னால் நடந்தாள், பின்னால் சத்தம் கேட்டாலும் திரும்பவில்லை. படித்து அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே டீச்சரானாள். பிள்ளைகள் யாராவது தடுக்கி விழுந்தால் வகுப்பே சேர்ந்து "ஏண்டி பூமாதேவி" என்று ஆரம்பிக்கும், லோகு டீச்சர் திரும்பியதும் கப்சிப்பென்று அடங்கும். அந்த அமைதிதான் அவளை அதிகமாகக் குத்தியது. ஒரு ஆண்டு விழாவில் குஞ்சரம் பட்டுச்சேலை கட்டி, கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எந்த ஊரில் விசேஷக் காட்சியோ, பட்டப்பகலில் விழுந்து எழுந்து தட்டிவிட்டாள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "யாரம்மா அது?" என்று கேட்டார்.

"தெரியலீங்க சார். எங்க வீதியில இருக்கறவங்க" என்றாள் லோகு.

அது குஞ்சரத்தின் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பட்டுச்சேலை கிழியலை கண்ணு." லோகு முன்னால் நடந்தாள். அன்றைக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

இப்படி இருக்கும்போது லோகுவுக்கு ஒரு வரன் வந்தது. ரயில்வே குமாஸ்தா, ஈரோட்டுப் பக்கம், நல்ல இடம். தரகர் அவர்களிடம் அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் நேரம் நன்றாக இருக்கிறது, அன்றைக்கே பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். பட்ட காலிலே படும் என்பார்களே, அதே வெள்ளிக்கிழமையிலிருந்து ஊர்க்கோடி டூரிங் கொட்டாயில் அதே படம் என்று தட்டி வண்டி தம்பட்டம் அடித்துக்கொண்டு போயிற்று.

லோகு மத்தியானம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். ஆபரேட்டர் ஆரோக்கியசாமி சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது.

"வெட்டறதும் ஒட்டறதும் எனக்குப் புதுசில்லீங்க டீச்சர். மழை கட்டிட்டு வந்தா ரெண்டு பாட்டை வெட்டிப்போட்டுச் சீக்கிரம் முடிச்சிருவேன். ஆனா அம்மா விழறதை வெட்டினா சனம் கொட்டாய்க்குத் தீ வெச்சிருமுங்க. அதுக்குத்தானே வர்றாங்க."

"விழறதை வெட்ட வேண்டாம். எந்திரிக்கறதை வெட்டுங்க."

"எந்திரிக்கறதையா?"

"விழுந்தா பித்தம்னு சொல்லிக்கலாம். பித்தம் ஆருக்கும் வரும். எந்திரிச்சு அந்த இடுப்பை வெட்டி, பின்னாடி தட்டி, அந்தப் பேச்சு..." லோகுவுக்குக் காது மடல் சுட்டது. "அதுக்கு எந்த வைத்தியன் பேர் வெச்சிருக்கான், நீங்களே சொல்லுங்க."

ஆரோக்கியசாமி நெற்றியைச் சொறிந்தார். "இருக்கறது இந்த ஒரே பிரிண்டு டீச்சர். மத்ததெல்லாம் ஓடி ஓடித் தேஞ்சே போச்சு." ஆனாலும் அவர் மகள் லோகுவிடம்தான் படித்தாள். கத்தரிக்கோலை எடுத்து, அந்த இடத்தைப் பார்த்து வெட்டி, முனைகளை ஒட்டி, வெட்டிய துண்டை ஒரு காகிதத்தில் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிருங்க, ஊரை விட்டுப் படம் போறப்ப ஒட்டிக்கலாம்" என்றார்.

லோகு வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் போட்டாள். ஒரு கணம் மஞ்சளாய் எழும்பிக் கூரையைத் தொடப் பார்த்து அணைந்தது. "என்ன கண்ணு வாசம்?" என்று உள்ளேயிருந்து குஞ்சரம் கேட்டாள். "பழைய ரிப்பன்மா" என்றாள் லோகு. பல நாளுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு லேசாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், மல்லிகைப் பூவும் வெற்றிலையுமாய். குஞ்சரம் மகள் சொன்னபடி சமையலறையில், விழுந்தால் சத்தம் வராத மாதிரி பஞ்சு மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் சும்மா இருந்தாரா? "சம்பந்தியம்மாவைக் கண்ணுலயே காட்டலீங்களே" என்றார். குஞ்சரம் பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டுத் தட்டோடு நடைக்கு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக, வாய் திறந்து "வாங்க" என்று சொல்லப் போனவள், ஊர்க்கோடியில் இருந்து குபீரென்று ஒரு சிரிப்பொலி காற்றில் வர, தட்டு ஒரு பக்கம் ஒப்புட்டு ஒரு பக்கமாய்த் தடாலென்று விழுந்தாள்.

"பித்தமுங்க" என்றாள் லோகு, மனப்பாடம் பண்ணியிருந்ததை. "இப்ப எந்திரிச்சிருவாங்க."

குஞ்சரம் எழுந்திருக்கவில்லை. மல்லாக்க விழுந்து, ஒரு கை தலைக்குமேல், ஒரு கால் மடங்கி, வாயோரம் பாதிச் சிரிப்போடு, படத்தில் எப்படிக் கிடந்தாளோ அப்படியே கிடந்தாள். கண் மட்டும் அசைந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனுஷர், தானும் ஒரு கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். பஞ்சு மூட்டை சுமக்கிற ஆட்கள் ஓடிவந்து நாலு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். புதைத்து வைத்த ஆட்டாங்கல் மாதிரி அவள் தரையோடு கிடந்தாள். "பொறவு சொல்லியனுப்பறோமுங்க" என்று வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். லோகு அவர்களை வழியனுப்பக்கூடப் போகவில்லை.

ஆட்டம் விட்டதும் ஆரோக்கியசாமி ஓடிவந்தார். பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சர், அந்தத் துண்டைக் குடுங்க, இப்பவே ஒட்டிப்போடலாம்."

"எரிச்சுட்டேன்" என்றாள் லோகு.

மேற்கு வீதியே நடையில் நின்றிருந்தது, எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தராவது "அடிப்பாவி" என்று திட்டியிருக்கலாம். யாரும் திட்டவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள், பெண்கள் குஞ்சரத்தின் விலகியிருந்த சேலையைச் சரிசெய்தார்கள், லோகுவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நாச்சாயிதான் யோசனை சொன்னாள். "படத்துல எந்திரிக்க ஆளில்லீன்னா, கொட்டாயில ஆராச்சும் எந்திரிக்கோணும்." சொல்லிவிட்டு இரண்டாம் ஆட்டத்துக்கு அவளே போனாள். அந்த இடம் வந்ததும் திரைக்கு முன்னால் படுத்து, எழுந்து, இடுப்பை வெட்டி, தட்டி, பூமாதேவியைக் கேட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. குஞ்சரம் அசையவில்லை. நாச்சாயி மண்ணைத் தட்டிக்கொண்டே திரும்பிவந்து, "அவ வயித்துல பொறந்த ஒடம்பு வேணுமாட்ட இருக்குது" என்று சொன்னாள், யாரையும் பார்க்காமல்.

"நான் போறேன்" என்றாள் லோகு.

மறுநாள் சாயந்தரம் போகவும் போனாள். பெண்கள் பக்கத்து மணலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் அவள் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக மண் குவித்து உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் நாற்காலியில் ஹெட்மிஸ்ட்ரஸ் விசிறியோடு. ராஜா அழுதார், ராணி அழுதாள், பாயச அண்டா வந்தது, திரையில் அம்மா, இளம் வயது அம்மா, கன்னத்தில் குழியோடு, விழுந்தாள். ஆரோக்கியசாமி மெஷினை நிறுத்தினார். திரை வெள்ளையாக எரிந்தது. டூரிங் கொட்டாயில் படம் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஒரு விசில் இல்லை, ஒரு கூச்சல் இல்லை, அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அவளுக்காகக் காத்திருந்தது.

எழுந்திரு என்று லோகு தன் காலிடம் சொன்னாள். எழுந்திரு, எழுந்திரு, அம்மா கிடக்கிறாள், எழுந்திரு. விசிறிச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. பின்புறத்தைத் தூக்க வேண்டும், இவர்கள் எல்லோரும் பார்க்க, திங்கட்கிழமை இந்தப் பிள்ளைகளுக்கே வாய்ப்பாடு சொல்லித்தர வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அவள் கால் மணலில் வேர்விட்டுப் போயிற்று. ஆரோக்கியசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினார். சனம் ராஜாவைப் பார்க்க ஆரம்பித்தது.

அவள் வேலியோரமாகவே வீட்டுக்கு வந்தாள். நடையில் கிடந்த குஞ்சரத்தின் கண்கள் அவளையே பார்த்தன.

"இன்னைக்கு மெஷின் ரிப்பேர்மா" என்றாள் லோகு. "ஆட்டமே நடக்கலை."

கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். குஞ்சரம் விழுங்கினாள், கண்ணை எடுக்கவில்லை.

விடிந்ததும் லோகு நடையைக் கூட்ட வந்தாள். அம்மாவைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. சேலையும் நனைந்திருந்தது. லோகு குனிந்தபோது குஞ்சரம் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டாள், இறுக்கி மூடினாள், மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதோரமாய் இறங்கியது. ஆலை வாசலிலும் இழவு வீட்டிலும் இன்ஸ்பெக்டர் முன்னாலும் விழுந்து எழுந்தபோது வெட்கம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்ட பொம்பளை அவள். அந்த வெட்கத்தை இப்போது அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று லோகுவுக்குத் தெரிந்தது. வேறு சேலை மாற்ற முடியவில்லை, தூக்க முடியாதே. வெந்நீர் வைத்துத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க, "பாக்கலம்மா, நான் பாக்கலம்மா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அன்றைக்குச் சாயந்தரம் அவள் பெண்கள் பக்கம் உட்காரவில்லை. நேரே போய்த் திரைக்கு அடியில் நின்றுகொண்டாள். திரையில் அம்மா விழுந்தாள், மெஷின் நின்றது, வெள்ளை வெளிச்சம் அவள்மேல் கொட்டியது. லோகு டீச்சர் மணலில் மல்லாக்கப் படுத்தாள், ஒரு கை தலைக்குமேல், ஒரு கால் மடக்கி. பிறகு புரண்டு, பின்புறத்தை முதலில் தூக்கி, கையூன்றி எழுந்தாள். உடம்பெல்லாம் எரிந்தது. இடுப்பை வெட்டினாள், அது வெட்டவில்லை, சுளுக்கிக்கொண்ட மாதிரி ஒரு பக்கம் போய் நின்றது. மூன்று தட்டுத் தட்டினாள், மணல் பறந்தது. குனிந்தாள். குரல், கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையை அதட்டுகிற டீச்சர் குரலாகவே வந்தது:

"ஏண்டி பூமாதேவி, வலிச்சுதாடி?"

முதல் வரிசையில் ஒரு பெண், நாலாம் வகுப்பு, வாயைப் பொத்தப் பார்த்து முடியாமல் களுக்கென்றாள். அவ்வளவுதான், மடை உடைந்தது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், நாற்காலி வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் விசிறியைக் கீழே போட்டுவிட்டு, சிரித்தார்கள், சிரித்தார்கள், கண்ணில் நீர் வர, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெளிச்சத்தில் லோகுவுக்கு ஒரு முகமும் தெரியவில்லை. வெட்கத்தால் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நின்றாள், அதையும் பார்த்துச் சிரித்தார்கள், நின்றாள். மேற்கு வீதிப் பக்கமிருந்து நாச்சாயியின் குரல் கொட்டாய்வரை வந்தது: "எந்திரிச்சுட்டாடியோ!"

லோகு மணலோடு ஓடினாள். அவள் வீடு சேர்வதற்குள் குஞ்சரம் அவசரமாய் இரண்டு சொம்பு ஊற்றிக் குளித்து, வேறு சேலை கட்டி, அடுப்படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"சிரிச்சாங்கம்மா."

"நல்லாவா?"

"நல்லா சிரிச்சாங்க."

குஞ்சரம் தலையாட்டினாள். தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றினாள். மகள் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நேத்து ஆட்டத்துலயும் விழுந்தேன் கண்ணு" என்றாள். "படுத்த வாக்குலயே விழுந்தேன்."

லோகுவுக்குப் புரையேறியது. குஞ்சரம் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.